இரும்புக் கவசமும் இரண்டு வெள்ளிக் காசும்



'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றதும் பலருக்குப் பூதமும் இருபது முகப் பகடையும்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது அதன் விலைப்பட்டியல். ஹாஸ்டலில் ஞாயிறு மாலை நாங்கள் ஐந்து பேர் ஆடுவோம். நாலு பேர் வீரர்கள். ஊர், காடு, பூதம், கடைக்காரர் எல்லாம் நான். ஆகவே எந்தச் சாமான் என்ன விலை என்பதும் என் தலையில்தான்!

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய விளையாட்டு இது. முதல் பதிப்பில் தகட்டுக் கவசம் 50 பொற்காசு. ஆட்டம் தொடங்கும்போதே ஒருவர் கையில் சராசரியாக 105 இருக்கும். முதல் நாளே கவசம் வாங்கிவிட்டால் அப்புறம் பணம் எதற்கு? 1978-ல் அதே கவசம் 400 ஆயிற்று. 2000-ல் வந்த 3-ஆம் பதிப்பில் முழுக் கவசம் 1,500!

ஒரு விலை பிசகினாலும் ஆட்டம் கெடும். அந்த 3-ஆம் பதிப்பில் 10 அடி ஏணி 5 செப்புக் காசு; 10 அடி கழி 2 வெள்ளி, அதாவது 20 செம்பு. ஏணியை வாங்கிப் படிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கழிகளாகப் பாதி விலைக்கு விற்றாலே 20 செம்பு கிடைக்கும். பூதத்தோடு சண்டை எதற்கு? ஏணி வியாபாரமே போதுமே!

நாங்கள் ஆடுவது 5-ஆம் பதிப்பு. அதன் அடிப்படை விதிகள் 2023 ஜனவரி முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு கிடைக்கின்றன. அதில் கவசம் 1,500 பொன். தொழில் தெரியாத கூலியாளுக்கு நாள் கூலி 2 வெள்ளி. பத்து வெள்ளி ஒரு பொன். கால்குலேட்டரைத் தட்டினேன்: 7,500 நாள் கூலி. ஒரு நாள்கூட லீவு போடாமல் 20 வருஷத்துக்கு மேல்!

கூலியாளுக்கு எதுக்குடா கவசம் என்பீர்கள். சரி, வாழ்க்கைச் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். ஏழையாக வாழவே ஒரு நாளைக்கு 2 வெள்ளி. வரவு 2, செலவு 2, மீதி சைபர். தொழில் தெரிந்தவருக்கோ நாள் கூலி 2 பொன். பத்து மடங்கு! அப்படியானால் தொழில் கற்றுக்கொள்ளலாமே? ஒரு தொழிலின் கருவிகளைப் பழக 250 நாள், நாளுக்கு 1 பொன். கூலியாள் குடிசையில் அரை வயிறாகக் கிடந்தால் செலவு 1 வெள்ளி, மிச்சம் 1 வெள்ளி. 250 பொன் சேர 2,500 நாள். ஏறக்குறைய ஏழு வருஷம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். இந்தக் கணக்கு எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. எனக்காக யார் அரை வயிறாகக் கிடந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன செமஸ்டரில் எங்கள் வீரர்கள் கவசத்துக்காக 1,500 பொன் சேர்த்துவிட்டார்கள். அப்போது அவர்களுக்கு மூட்டை தூக்கும் கூலியாளுக்கு ஒரு மகளை உண்டாக்கினேன். அவளுக்குக் கொல்லுப்பட்டறையில் தொழில் பழக ஆசை. வேண்டியது 250 பொன்.

"கவசம் அப்புறம் வாங்கிக்கலாம்டா, அந்தப் பொண்ணு கத்துக்கட்டும்" என்றான் மெக்கானிக்கல் நண்பன்.

"நீ செத்துப்போனா யாருடா எங்களைக் காப்பாத்துறது?" என்றான் இன்னொருவன்.

அரை மணி நேரம் வாக்குவாதம். இரவுச் சாப்பாட்டு மணியே அடித்துவிட்டது. கடைசியில் கொடுத்தார்கள். அடுத்த வாரம் கவசமில்லாமல் குகைக்குள் போய் நன்றாக அடி வாங்கினார்கள். ஆனால் அதுவரை காசை அள்ளி இறைத்தவர்கள், அன்று முதல் செம்பைக்கூட எண்ணிச் செலவழிக்கிறார்கள்.

வீரர்களை ஏழையாகவே வைத்திருப்பதும் விலைச் சமநிலை அல்ல, அள்ளிக் கொடுப்பதும் அல்ல. ஒன்றை வாங்க வேண்டுமென்றால் இன்னொன்றை விட வேண்டும், விடுவதும் மனசுக்கு வலிக்க வேண்டும். ஆட்டம் நடத்தும் நண்பர்கள் கவசத்தின் விலையை மாற்றும் முன் கூலியாளின் வரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் 90 நாள் பயிற்சி பாக்கி. கவசத்தை அவள் பட்டறையில்தான் செய்ய வேண்டும் என்று நாலு பேரும் காத்திருக்கிறார்கள்.