சேலை மடிப்பும் தேய்ப்புத் தூரிகையும்

கண்ணெதிரே நெடுநாள் இருந்த பொருளையும் நாம் கண்டிலேம் என்பது, அதனை எழுதப் புகும்போதே விளங்கும். இவ்வுண்மையை யாம் ஒரு சேலையின் வாயிலாக அறிந்தோம். அவ்வரலாற்றை ஈண்டு நம் கலாசாலை நண்பர்க்குக் கூற விழைகின்றோம். ஓவியம் பயில்வார்க்கு இதனாற் சிறிது பயன் விளையுமாயின் அதுவே எமக்குப் போதும்.

எம் அன்னையாரின் தாயாரை யாங்கள் ஆயா என்றே அழைப்போம். அவர் பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் தம் வாழ்நாளைப் போக்கியவர். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் நாளில், நினைவுத் திருப்பலி முடிந்தபின் வீட்டில் வைத்து மாலையிடுவதற்கு ஒரு படம் வேண்டுமென அன்னையார் விரும்பினர். இருந்ததோ வாக்காளர் அட்டையிலுள்ள சிறு முகம் ஒன்றே. கழுத்துக்குக் கீழ் அவரைக் காட்டும் படம் எவரிடத்தும் இல்லை. “நீதான் கணினியில் படம் எழுதுகிறாயே, ஆயாவை முழு உருவமாக எழுதித் தா” என்றனர் அன்னையார். யாமும் இசைந்தோம்.

எம்மிடத்து ஒரு சிறு வரைபலகையும், கிரிட்டா என்னும் இலவசச் செயலியும் உண்டு. கிரிட்டா என்பது சுவீடிய மொழியிற் சுண்ணக்கோலுக்குப் பெயராம். அச்செயலியில் ‘ஸ்மட்ஜ்’ எனப்படும் தேய்ப்புத் தூரிகைகள் பல உள. கரியால் எழுதும் ஓவியர், சுருட்டிய தாளாலோ விரலாலோ கரியைத் தேய்த்து நிழலை இளக்குவர். அச்செயலையே இத்தூரிகையும் செய்கின்றது. வண்ணஞ் சேர்க்கும் அளவைச் சுழியாக்கிவிடின் இது புதிய வண்ணம் ஒன்றையும் தாராது; முன்பே இட்ட வண்ணத்தைத் தன்னுடன் இழுத்துச் செல்லும்; அல்லது அதனைப் பக்கத்து வண்ணத்தோடு கலந்து மங்கச் செய்யும். ஆதலின், கீழே இல்லாத வடிவத்தை இஃது ஒருபோதும் படைக்கமாட்டாது. இதனை யாம் அன்று அறிந்திலேம்.

முகம் மூன்று இரவுகளில் முடிந்தது. சேலைக்கு வந்தோம். கருநிறமும் வெண்ணிறமும் மாறி மாறிக் கோடுகளாக இட்டு, அவற்றின்மேல் தேய்ப்புத் தூரிகையை மேலுங் கீழுமாக ஓட்டினோம். எல்லாம் மெத்தென்று ஆயின. கைவந்தது என்று களித்து அன்னையாரை அழைத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் நோக்கினர். பின்னர், “முகம் ஆயாதான், தம்பி. ஆனால் சேலை கட்டிக்கொண்டு நிற்கவில்லையே, புகையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள்” என்று கூறி அடுக்களைக்குச் சென்றுவிட்டனர். அச்சொல் எம்மைச் சுட்டது. ஆயினும் அது மெய்யே.

அதன்பின் நூல்களை நாடினோம். இத்தாலிய ஓவியரான லியனார்டோ டா வின்சி (1452–1519) இளமையில் மண்ணால் உருவங்கள் சமைத்து, ஈரச் சாந்தில் தோய்த்த துணியை அவற்றின்மேற் போர்த்து, அம்மடிப்புக்களைப் பொறுமையுடன் வரைந்து பழகினர் என வசாரி எழுதிய வரலாறு கூறும். விளிம்புகளைப் புகைபோல் மங்கச் செய்யும் ‘ஸ்ஃபுமாட்டோ’ முறைக்குப் பேர்பெற்றவரும் அவரே. அவர் துணியை அறிந்தபின் புகையைத் தொட்டனர். யாமோ புகையிலேயே தொடங்கினோம். அமெரிக்க ஆசிரியர் ஜார்ஜ் பிரிட்ஜ்மன் 1942-ஆம் ஆண்டில் மடிப்புக்களின் விதிகள் ஏழு என வகுத்து நூல் இயற்றினர். அவற்றின் சாரம் யாதெனின், துணி எங்கே தாங்கப்படுகின்றதோ அங்கிருந்தே மடிப்புப் பிறக்கும் என்பதாம்.

நூலறிவை ஊரிலும் ஒத்துநோக்கினோம். பாகூர் மூலநாதர் கோயிலுக்குச் சென்று கற்சிற்பங்களைக் கண்டோம். அச்சோழர் காலத்துச் சிற்பி ஆடையை உடலோடு ஒட்டவைத்துச் சில கீற்றுக்களாலேயே மடிப்பை உணர்த்திவிடுகின்றான். 1877-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலிருந்து சுரூபம் வந்தமைந்த வில்லியனூர் லூர்து மாதா கோயிலின் அருகே ஒரு சிறு சுரூபம் வாங்கிவந்து, விளக்கருகே வைத்து நோக்கினோம். மாதாவின் வெண்ணிற அங்கி இடையில் நீலக் கச்சையாற் கட்டுண்டு, அக்கட்டிலிருந்தே மடிப்புக்களெல்லாம் விரிந்து இறங்கக் கண்டோம். கச்சையை மறைத்துப் பார்த்தால் அம்மடிப்புக்களுக்குக் காரணமே இல்லை.

வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் பெயர்போன ஊர். அவ்வூர்க் கலைஞர் முனுசாமி 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஆண்டு ஒரு முதிய குயவரிடம் எம் குறையைக் கூறினோம். அவர் களிமண்ணை மெல்லிய தகடாகத் தட்டி, இரு விரலால் ஒரு முனையைப் பற்றித் தொங்கவிட்டுக் காட்டினர். “பிடித்த இடம் தெரிந்தால் மடிப்பு தானே விழும். கடைசியில் ஈரக்கையால் தடவுவது அழகுக்கு மட்டும்” என்றனர்.

ஆயாவின் சேலை எங்கே பிடிக்கப்பட்டிருந்தது? எமக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டு அவரோடு உண்டு உறங்கிய யாம் அதனைக் கூறமாட்டாமல் நின்றோம். நாணத்தோடு அன்னையாரைக் கேட்டோம். அவர் ஒன்றும் உரையாது டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஆயாவின் பழைய நூற்சேலை ஒன்றை எடுத்து, அவர் கட்டுமாறே கட்டிக்கொண்டு சாளரத்தருகே நின்றனர். வயலுக்குச் செல்வார்போலக் கொசுவத்தைத் தூக்கி இடப்பக்கத்து இடையிற் செருகியிருந்தனர். முந்தானை இடையைச் சுற்றிவந்து வலப்பக்கத்தில் இறுகியிருந்தது. அவ்விடத்தே ஒரு சிறு புடைப்பு. “இது என்ன?” என்றோம். “மடி. கூலிக்காசை இதில்தான் முடிந்துவைப்பாள். உன் பள்ளிக்கூடத்துப் பணமும் இதிலிருந்து வந்ததுதான்” என்றனர்.

யாம் பழைய சேலை முழுவதையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினோம். முதலில் நடுநிறம் ஒன்றைச் சேலையின் உருவளவிற்கு நிரப்பினோம். தூரிகை எல்லை கடந்து இழுக்காதவாறு அவ்வடுக்கின் வெளிவிளிம்பைப் பூட்டினோம். செருகிய இடத்தையும் மடியையும் குறித்து, அவ்விரண்டிலிருந்து பிரியும் நிழல்களைத் தேய்க்காமல், கூரிய தூரிகையாற் பட்டை பட்டையாக இட்டோம். அதன்பின்னரே தேய்ப்புத் தூரிகையைக் குறைந்த வலிமையில் எடுத்தோம். ஒரு மடிப்பிற்கு இரு கரையுண்டு. துணி உருண்டு வளையும் கரையை மட்டும் மடிப்பின் குறுக்கே மெல்லத் தேய்த்தோம். ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிழல் வீழ்த்தும் கரையைத் தொடாது கூராகவே விட்டோம். பெட்டியிற் கிடந்த சுவட்டுக்கோடுகள் உடுத்த மடிப்பு ஆகா என்று உணர்ந்து அவற்றை விலக்கினோம். பலகாற் றுவைத்த நூற்சேலை ஆதலின், பட்டுக்குரிய பளபளப்பை இடாது, ஒளியைச் சில இடங்களில் மட்டுமே இறுதியில் வைத்தோம்.

இவ்வாறு நான்கு மாலைகள் அன்னையார் சாளரத்தருகே நின்றனர். முழங்கால் நோவுடையவர் எனினும் ஒருமுறையும் அமர்ந்திலர். நான்காம் நாள் யாம் அவர் சேலையை நோக்குவதை விடுத்து அவரை நோக்கினோம்; இவரையும் இதுகாறும் யாம் நன்றாகக் கண்டதில்லை என்று எமக்குத் தோன்றிற்று.

படத்தைப் பார்த்தபோது அன்னையார் முகத்தைப் பற்றி ஒன்றுங் கூறவில்லை. மடியின்மேல் விரலை வைத்து, “இன்னுஞ் சிறிது கனமாக இருக்கும்” என்றனர். அங்ஙனமே திருத்தினோம். இன்று அப்படம் எம் வீட்டுச் சுவரில் உள்ளது.

நண்பர்களே! தேய்ப்புத் தூரிகை நல்ல கருவியே. ஆயினும் அது நாம் அறிந்ததை மென்மையாக்கவல்லதேயன்றி, அறியாததை அறிவிக்கவல்லதன்று. நும் இல்லத்து முதியோர் நடமாடும் இந்நாளிலேயே, அவர் எங்ஙனம் நிற்கின்றார், சேலையை எங்கே செருகுகின்றார், எதனை மடியில் முடிகின்றார் என்று ஒருமுறை நன்கு நோக்குமின். வரைபலகையைப் பின்னர் எடுக்கலாம்.