வாயில்லாச் சீவனுக்கு விடுமுறை ஏது?

லண்டனுக்குப் போய் வந்தவள் என்று தெரிந்தால் எங்கள் ஓமந்தைப் பக்கத்துப் பெண்கள் கேட்கும் முதற் கேள்வி, “மகாராணியின்ரை மாளிகை பாத்தனியோ பிள்ளை?” என்பதுதான். நான் மாளிகை பார்க்கவில்லை. 2019 மார்கழியில் அங்கு நின்ற மூன்று கிழமைகளில் பெரும்பாலான நாட்களைக் குதிரைச் சவாரிப் பாடசாலை ஒன்றில் இலத்தி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டும், பிறகு நானே அள்ளிக்கொண்டும் கழித்தேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் சமூகவியல் படித்து, கிராமம் கிராமமாகத் திரிந்து வேலை செய்தும் எனக்கு விளங்காதிருந்த ஒரு விடயம் அந்தக் குதிரை லாயத்தில்தான் விளங்கியது. அதை எமது சகோதரிகளோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 2009 இல் அத்தானை எறிகணைக்குப் பறிகொடுத்தார். நான்கு வயது மகளோடு ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து மெனிக் பாம் முகாமுக்குப் போனார். பின்னர் அத்தானின் உறவினர்களின் உதவியோடு லண்டன் சேர்ந்தார். பகலில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை, இரவில் கடை வேலை. பிள்ளையோ எவரோடும் பேசாத பிள்ளையாக வளர்ந்தது. கதவு அடித்துச் சாத்தினாலும் காதைப் பொத்தும். தீபாவளியும் கார்த்திகை ஐந்தாம் திகதி வெள்ளைக்காரர் வெடி கொளுத்தும் நாளும் வந்தால் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு இருக்கும். பாடசாலையில் இருந்த ஆலோசகர் ஒருவர், வசதி குறைந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் சவாரிப் பாடசாலை ஒன்றுக்கு அவளை அனுப்பி வைத்தார். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

நான் போனபோது என் பெறாமகளுக்குப் பதினான்கு வயது. நத்தார் விடுமுறை தொடங்கியிருந்தது. “பள்ளிக்கூடம் பூட்டியும் இவள் வீட்டிலை நிக்கிறாளில்லை. விடிய முந்திக் குதிரைக்கு ஓடுறாள்” என்று அக்கா முறைப்பட்டார். அடுத்த நாள் நானும் அவளோடு புறப்பட்டேன்.

மார்கழியில் லண்டனில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் தெரியும், மாலை நான்கு மணிக்கு முன்னரே மறைந்து விடும். நாங்கள் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல இருட்டு. காலடி கேட்டதும் அரைக்கதவுகளுக்கு மேலால் குதிரைத் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே நீண்டன. ஒன்று கதவைக் காலால் உதைத்தது. “பசிக்குது எண்டு சொல்லுறார் சித்தி” என்றாள் பெறாமகள். வீட்டில் நான் கேட்டால் “ஓம்”, “இல்லை” என்பதோடு நிறுத்துகிறவள் அங்கே வாய் ஓயாமல் விளக்கம் சொன்னாள்.

முதல் வேலை தண்ணீர். இரவில் வாளிகளில் பனிக்கட்டி படர்ந்திருக்கும். அதை உடைத்து எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒரு குதிரை நாளுக்கு இருபத்தைந்து லீற்றருக்கும் மேல் குடிக்குமாம். அடுத்தது தீனி. ஐந்நூறு கிலோ நிறையுள்ள குதிரைக்கு நாளுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோ உலர்புல் தேவை. அதையும் ஒரே தடவையில் கொடுக்கக் கூடாது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் இரைப்பை சிறியது. எமது மாட்டைப் போல அது அசைபோடுவதும் இல்லை, மனிதரைப் போல வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. பிழையாகத் தின்றால் வயிறு பொருமி உயிருக்கே ஆபத்து. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். இதைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள்.

பிறகு கொட்டில் துப்புரவு. முட்கரண்டி போன்ற நீண்ட மண்வாரியால் இலத்தியையும் நனைந்த வைக்கோலையும் வேறாக்கித் தள்ளுவண்டியில் ஏற்றி எருக்குவியலில் கொட்டுவார்கள். அது முடிந்ததும் குதிரையைத் தேய்ப்பது. பின்பக்கமாகப் போகக் கூடாது. தனக்கு நேர் பின்னால் நிற்பதைக் குதிரையால் பார்க்க இயலாது, பயந்து உதைத்து விடும். தோள் பக்கமாகப் போய், குரல் கொடுத்து, கழுத்தில் கை வைத்து, அதன் பின்னரே தூரிகை. கடைசியாகக் காலைத் தூக்கிக் குளம்புக்குள் இறுகிய மண்ணையும் கல்லையும் கொக்கியால் கிண்ட வேண்டும். எனது பெறாமகள் தன்னைவிடப் பத்து மடங்கு நிறையுள்ள மிருகத்தின் காலைத் தூக்கி மடியில் வைத்திருந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறியது. அவளுக்கோ அது அன்றாட வேலை.

பத்து மணிக்குப் பிள்ளைகள் சவாரிக்கு வருவார்கள். தலைக்கவசம் போட்டு, குதிரையின் இடப்பக்கமாக ஏறி, முதலில் நடை, பிறகு துள்ளுநடை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் காசு கட்டிப் படித்தார்கள். பெறாமகளைப் போன்றவர்கள் விடுமுறை முழுவதும் வேலை செய்தால், கிழமைக்கு ஒரு சவாரி இலவசம்.

செவ்வாய்க்கிழமைகளில் விசேட தேவையுடைய பிள்ளைகள் வந்தார்கள். ஒரு குதிரைக்கு மூன்று பேர், ஒருவர் கயிற்றைப் பிடிக்க இருவர் இருபக்கமும் நடப்பார்கள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு அசைகிற விதம், மனிதர் நடக்கையில் இடுப்பு அசைவதைப் போன்றது. நடக்க முடியாத பிள்ளையின் உடல் அந்த அசைவை அதிலிருந்து பழகிக் கொள்கிறது. பிரித்தானியாவில் இதற்கென 1969 இல் ஓர் அமைப்பே உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னோடியாக இருந்தவர் லிஸ் ஹார்ட்டல் என்ற டென்மார்க் பெண். 1944 இல், இருபத்து மூன்று வயதில், கர்ப்பிணியாக இருந்த காலத்தில் இளம்பிள்ளைவாதம் தாக்கி முழங்காலுக்குக் கீழே அவருக்கு உணர்விழந்து போனது. ஆனாலும் திரும்பக் குதிரை ஏறினார். ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டியிருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார், 1956 இலும் வென்றார். கால் இழந்த எத்தனையோ சகோதரிகளை எமது மண்ணில் தினமும் சந்திக்கின்ற எனக்கு, இந்தக் கதை வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படவில்லை.

நத்தார் தினம் வந்தது. பாடசாலை மூடப்பட்டிருந்தது. லண்டனில் அன்று பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. ஆனால் பெறாமகள் விடிய முந்திச் சப்பாத்தை மாட்டினாள்.

“இண்டைக்குமோ? ஆரும் போகாயினம்” என்றார் அக்கா.

“அம்மா, அதுக்கு இண்டைக்கு நத்தார் எண்டு தெரியுமோ? அதுக்குப் பசிக்கும்.”

இருட்டில் தனியே விட மனமில்லாமல் அக்காவும் நானும் கூடவே நடந்தோம். முக்கால் மணி நேர நடை. இரண்டு வருடமாக மகள் போய்வருகிற இடத்துக்குள் அக்கா அன்றுதான் முதன்முதலாகக் காலடி வைத்தார். வேலைக்கு ஆள் குறைவு. ஓரமாக நின்ற அக்கா சிறிது நேரத்தில் ஜக்கற்றைக் கழற்றி வைத்துவிட்டு உலர்புல் கட்டை அவிழ்த்து வலைப்பையில் அடையத் தொடங்கினார். கைக்குப் பழகிய வேலை. ஓமந்தையில் எங்கள் வீட்டுப் பட்டியில் பதினொரு மாடுகள் நின்றன. வைக்கோல் போடுவது அக்காவின் பொறுப்பு.

புல்லை அடைந்தபடியே அக்கா கேட்டார், “உனக்கு ஞாபகமிருக்கோ, நாங்கள் வெளிக்கிட்ட அண்டு அப்பா மாடுகளை அவிட்டு விட்டது?”

ஞாபகம் இருந்தது. 1997 மே மாதம், ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய நேரம். எனக்கு எட்டு வயது. அப்பா ஒவ்வொரு மாடாகக் கயிற்றை வெட்டி விட்டார். “கட்டிக்கிடந்து சாகக் கூடாது” என்றார். நாங்கள் புளியங்குளம் பக்கம் நடக்க, சிவலைப் பசு மட்டும் நெடுந்தூரம் பின்னால் வந்தது. அந்தக் கதையை அக்கா அதுவரை வாயே திறந்து பேசியதில்லை. 2009 இல் நடந்ததையும் பேசியதில்லை. அன்று குதிரைக்குப் புல் கட்டிக்கொண்டே பேசினார், அழுதார், வேலையை மட்டும் நிறுத்தவில்லை.

மார்கழி 31 ஆம் திகதிதான் எங்களுக்குப் பெரும் பயம். இரவிரவாக வெடி கொளுத்துவார்கள். குதிரைக்கு வெடிச்சத்தம் ஆகாது, மிரண்டு கதவை உடைத்து ஓடிக் காயப்பட்டும் இறந்தும் போயிருக்கின்றன. ஆகையால் பொறுப்பாளரான வயதான பெண்மணி, உதவிக்கு நிற்கக் கூடியவர்களைக் கேட்டிருந்தார். பெறாமகள் தானாகவே பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“உனக்கே வெடிச்சத்தம் ஒத்துக்கொள்ளாது. நீ போய் என்ன செய்யப் போறாய்?” என்றார் அக்கா.

“அதாலைதான் போறன்” என்றாள்.

நாங்கள் இருவரும் கூடப் போனோம். இருட்ட முன்னரே எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, வானொலியைச் சத்தமாக வைத்து, வலைப்பைகளில் புல்லை நிறைத்திருந்தார்கள். ஏழு மணி கழிந்ததும் முதல் வெடி. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாமலே நான் சுவரோடு குந்தி விட்டேன். பத்து ஆண்டுகள் கழிந்தும் எனது உடல் மறக்கவில்லை. நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

டஸ்ட்டி என்ற கிழட்டுக் குதிரை மூக்கு விரிந்து, கண்வெள்ளை தெரிய நடுங்கிக்கொண்டு நின்றது. உள்ளே போகக் கூடாது என்பது பொறுப்பாளரின் கட்டளை. பெறாமகள் அரைக்கதவுக்கு வெளியே நின்று அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்திருந்தாள். அவளுடைய கையும் நடுங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். கிட்டப் போனதும்தான் கேட்டது. தமிழில் சொன்னாள்:

“ஒண்டுமில்லையடா, ஒண்டுமில்லை. தூரத்திலைதான் விழுது. எங்களுக்கு இல்லை.”

அக்கா எனது கையை இறுக்கிப் பிடித்தார். 2009 இல் பதுங்குகுழிக்குள் பிள்ளையை மடியில் கிடத்தி வைத்து அவர் சொன்ன வார்த்தைகள் அவை. நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகமிருக்கப் போகிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பிள்ளை பயத்தை மட்டுமல்ல, தாய் தேற்றிய விதத்தையும் சேர்த்தே வைத்திருந்திருக்கிறது. தன்னைவிடப் பயந்த ஒரு சீவனைக் கண்டபோது அது வெளியே வந்தது. அன்று நள்ளிரவு கடந்துதான் வீடு திரும்பினோம். அவள் காதைப் பொத்தவில்லை.

தை மாதம் ஊர் திரும்பியதும் எனக்கு ஒரு தாயின் நினைவு வந்தது. ஓமந்தைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தனியே இருப்பவர். பிள்ளைகள் இருவரையும் இழந்தவர். வாழ்வாதாரத் திட்டத்தில் கிடைத்த பசு கறவை வற்றிப் போயிற்று. “விற்றுவிட்டுக் கோழி வளருங்கள்” என்று நான் சொன்னபோது மறுத்துவிட்டார். “பயனாளி ஒத்துழைக்கவில்லை” என்று எனது அறிக்கையில் எழுதினேன். அன்று அவர் சொன்ன காரணத்தை நான் எழுதவே இல்லை. அவர் சொன்னது இதுதான்:

“பிள்ளை, விடியக்காலமை அது கத்தும். அதுக்காக எழும்புவன். எழும்பினால் பிறகு ஒரு தேத்தண்ணி வைக்கத்தானே வேணும்.”

நாங்கள் எத்தனை லீற்றர் பால், எத்தனை ரூபா வருமானம் என்று எண்ணினோம். அவர் எழும்பினார் என்பதை எண்ணவில்லை. இழப்புக்குப் பிறகு எமது பெண்கள் பலருக்கு நாள் என்பதே கலைந்து போகிறது. எழும்ப ஒரு நேரமில்லை, சமைக்க ஒரு காரணமில்லை. பசித்த சீவன் ஒன்று அந்த நேரங்களைத் திருப்பித் தருகிறது. “எனக்கு ஆர் இருக்கினம்?” என்று கேட்டுக் கொண்டிருப்பவளுக்கு, தன்னை நம்பி ஒன்று இருக்கிறது என்று அது காட்டுகிறது.

இதற்குக் குதிரை தேவையில்லை. எமது நாட்டிலும் மன்னாரில் பிரிட்ஜிங் லங்கா என்ற நிறுவனம் தெருவில் திரிந்த கழுதைகளுக்குப் பராமரிப்பு நிலையம் அமைத்து, விசேட தேவையுடைய பிள்ளைகளை அவற்றோடு பழக விட்டது. யாரும் வேண்டாத கழுதை அங்கே பிள்ளைகளுக்குத் தோழனானது. எங்கள் முற்றத்து ஆடும் கோழியும் நாயும் அதற்குக் குறைந்தவை அல்ல.

அதேநேரம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாடு மருந்தாகி விடாது. நித்திரையே வராமல், சாப்பிட மனமின்றி, சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மேய்ச்சல் தரையும் தீனியும் இல்லாமல் ஒரு பெண்ணின் தலையில் மாட்டைக் கட்டிவிடுவதும் உதவியல்ல, அது இன்னொரு சுமை. கொடுப்பவர்கள் அவளைக் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் ஏன் என்றும், விற்க மாட்டேன் என்றால் ஏன் என்றும் கேட்க வேண்டும்.

டஸ்ட்டி இப்போது உயிரோடு இல்லை. பெறாமகள் வளர்ந்து பெரியவளாகி விட்டாள், வெடிச்சத்தம் அவளுக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் குளியலறைக்குள் ஒளிவதில்லை என்று அக்கா சொல்கிறார்.

அந்தத் தாயிடம் 2020 இல் மறுபடியும் போனேன். பசு அதே மரத்தடியில் கட்டி நின்றது. எனது பழைய அறிக்கை பற்றி அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அதை விடு பிள்ளை, அந்தத் தவிட்டு வாளியை இஞ்சாலை எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன்.