விகானின் சுண்ணாம்புச் சுவர்கள்

பிலிப்பைன்ஸின் விகான் நகரம் என்றாலே எனக்கு அந்த ஜன்னல்கள்தான். கண்ணாடிக்குப் பதில் கபிஸ் சிப்பியின் மெல்லிய ஓடுகளைச் சின்னச் சின்ன மரச் சட்டங்களில் பதித்திருப்பார்கள். வெயில் பால்நிறமாக உள்ளே இறங்கும். ஸ்பானியர் ஆட்சிக்கால வீடுகள். கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் மரம். 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் இது. 2022 ஜூலை 27 நிலநடுக்கத்தில் பல வீடுகள் விரிசல் கண்டன.

பழுதுபார்க்கும்போது சிமென்ட் பூசிவிடாதீர்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துப் பழைய செங்கல்லை உதிரவைத்துவிடும். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே கான்கிரீட் ஊற்றுவதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்காரர்களுக்குச் செலவு அதிகம்தான். அதனால்தான் இடிக்காதே என்று உத்தரவு போடும் அரசு, பணமும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும் தந்து கூட நிற்க வேண்டும்.