மிளகுக் கடைக்கும் ஏலக்காய்க் கடைக்கும் ஒரே மெனு

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு வியாபாரியும் சுக்கு வியாபாரியும் அடுத்தடுத்த கடைகளில் இருப்பார்கள். கணக்கு வைக்கும் விதத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போக மாட்டார்கள். ஒருவருக்கு மூட்டையும் குவிண்டாலும் போதும். இன்னொருவருக்கு லிட்டர் எடை வேண்டும்: ஒரு லிட்டர் அளவுக்கு மிளகு 500 கிராம் நிற்கிறதா, 550 நிற்கிறதா என்பதில்தான் அவருடைய விலை இருக்கிறது. ஈரப்பதம், தூசி, கழிவு என்று அதற்குப் பின்னால் ஒரு வரிசை. இடப்பள்ளியில் இருந்துகொண்டு இவர்களுக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. உள்ளே இருக்கிற ஃபார்ம்கள் கடைக்குக் கடை மாறும். மேலே இருக்கிற மெனு மாறாது. கொள்முதல், விற்பனை, இருப்பு, கணக்கு, வரி, அறிக்கை. எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஆறுதான்.

அப்படியென்றால் ஒரு தடவை ஒழுங்காகச் செய்து எல்லாக் கடைக்கும் எடுத்துப் போகத் தகுந்த பகுதி மெனுதானே? ஆனால் அதைத்தான் எங்கள் தொழிலில் பலர் ஒவ்வொரு கடைக்கும் முதலிலிருந்து வரைகிறார்கள். சோம்பல் காரணமில்லை. பழைய கடையின் மெனுவை எடுத்தால் பழைய கடையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கடையின் ஃபார்ம் பெயர், அந்தக் கடை முதலாளி கேட்ட விசேஷ ரிப்போர்ட், அவர் மகன் கேட்ட பாஸ்வேர்ட். பிய்த்து எடுப்பதைவிடப் புதிதாக வரைவது சுலபம் என்று தோன்றிவிடும்.

ஆக்சஸுக்கு முன் ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாபேஸில் வளர்ந்தவர்களுக்கு இதற்கான மருந்து கண்முன்னாலேயே இருந்தது. 1991-ல் வந்த ஃபாக்ஸ்ப்ரோ 2.0-வில் மெனு பில்டர் உண்டு. அதில் வரைவது எம்.என்.எக்ஸ். என்ற ஃபைலில் சேரும். ஜென்மெனு என்ற புரோகிராம் அதைப் படித்து எம்.பி.ஆர். என்ற நிரல் ஃபைலை எழுதித் தரும், ஓடுவது அதுதான். அந்த எம்.என்.எக்ஸ். வேறொன்றுமில்லை, பெயர் மாற்றிக்கொண்ட டி.பி.எஃப். டேபிள். யூஸ் கட்டளையில் திறந்து பிரௌஸ் போட்டால் மெனுவின் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டாக வந்து நிற்கும். தலைப்பு ஒரு பத்தியில், கட்டளை இன்னொரு பத்தியில், எப்போது மங்கலாக வேண்டும் என்ற ‘ஸ்கிப் ஃபார்’ நிபந்தனை வேறொரு பத்தியில். மெனு என்பது படமல்ல, டேபிள் என்று ஃபாக்ஸ் கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 1992-ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்கியபோது இந்த அறிவும் கூடவே போயிருக்க வேண்டும். போனதா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சிக்கல் அந்த ஸ்கிப் ஃபார் பத்தியில்தான். ‘இந்த மாறியின் மதிப்பு இதுவானால் இந்த வரியை மங்கலாக்கு’ என்று அங்கே எழுதி வைப்பார்கள். அந்த மாறி பழைய கடையின் புரோகிராமில் பிறந்தது. மெனுவை மட்டும் புதுக் கடைக்குக் கொண்டுவந்தால், மெனுவை விரித்ததுமே ‘மாறியைக் காணோம்’ என்று பிழை வந்து நிற்கும். மெனுவுக்குள் வியாபாரத்தை எழுதக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, இந்தப் பிழைச் செய்திதான்.

ஆக்சஸ் 97 முதல் 2003 வரை கதை வேறு. கஸ்டமைஸ் என்ற பெட்டியைத் திறந்து, மவுஸால் இழுத்துப் போட்டு மெனு செய்யலாம். பார்க்க அழகு. செய்த மெனு அந்த டேட்டாபேஸ் ஃபைலுக்குள்ளேயே தங்கும். இன்னொரு ஃபைலுக்குக் கொண்டுபோக வழி உண்டு: கெட் எக்ஸ்டர்னல் டேட்டாவில் இம்போர்ட்டுக்குப் போய், ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் ‘மெனுஸ் அண்ட் டூல்பார்ஸ்’ என்ற கட்டம் கண்ணில் படும். அதை டிக் செய்தால் அந்த ஃபைலில் இருக்கிற எல்லா மெனுவும் டூல்பாரும் வரும். இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்க முடியாது. அதோடு, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு மெனு இருந்தால் புதியதை விட்டுவிடும், சத்தமே போடாது. திருத்திய மெனுவை இறக்கிவிட்டோம் என்று நினைத்து பில் போட உட்காருவோம், பழையதே பல்லிளிக்கும். ஆகவே இறக்குவதற்கு முன் பழைய மெனுவை அழிப்பது, அல்லது மெனுப் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்ப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்து மெனு வரி ஒவ்வொன்றுக்கும் ‘ஆன் ஆக்‌ஷன்’ என்று ஒரு பண்பு உண்டு. அங்கே மேக்ரோ பெயரைக் கொடுக்கலாம், சமக்குறி போட்டு ஒரு ஃபங்ஷனையும் கொடுக்கலாம். பெரும்பாலோர் வரிக்கு ஒரு மேக்ரோ என்று எழுதித் தள்ளினார்கள். நாற்பது வரி மெனு என்றால் நாற்பது மேக்ரோ. மெனு வேறு ஃபைலுக்குப் போகும்போது அந்த நாற்பதும் போயாக வேண்டும்; மேக்ரோக்கள் திறக்கிற ஃபார்ம்களும் அதே பெயரில் அங்கே இருக்க வேண்டும். மெனு கனப்பது இங்கேதான். நான் செய்வது: எல்லா வரியிலும் ஒரே ஃபங்ஷன். அடைப்புக்குள் ஒரு குறிச்சொல் மட்டும் மாறும். கொள்முதல் பதிவுக்கு ஒன்று, கடன் பாக்கிப் பட்டியலுக்கு ஒன்று. அந்தக் குறிச்சொல்லுக்கு இந்தக் கடையில் என்ன வேலை என்பதை அந்த ஃபங்ஷன் ஒரு டேபிளில் பார்த்துச் செய்யும்.

ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அழுக்குத் துணியின் ஓரத்தில் வண்ணான் போடும் குறி எப்படியோ, அப்படித்தான் இந்தக் குறிச்சொல். அந்தக் குறியில் வீட்டு விலாசம் இருக்காது, துணிக்காரர் பெயரும் இருக்காது. போட்டவருக்கு மட்டும் எந்த வீடு என்று தெரியும்.

மெனுவை டேபிளில் வைக்கும் இந்த யோசனைக்கு உரிமை கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. ஆக்சஸிலேயே எல்லோரும் கேலி செய்த ஒரு பொருளில் அது இருந்தது. ஸ்விட்ச்போர்டு மேனேஜர் என்று ஒன்று வரும். சாம்பல் நிறத்தில் எட்டுப் பொத்தான்களோடு ஒரு முகப்பு ஃபார்ம் செய்து கொடுக்கும். ஒரு பக்கத்துக்கு எட்டுக்கு மேல் வைக்க முடியாது. அதை வைத்துப் புரோகிராம் கொடுத்தால் ‘இவன் கற்றுக்குட்டி’ என்று அர்த்தம். ஆனால் அதன் பின்னால் இருக்கிற ‘ஸ்விட்ச்போர்டு ஐட்டம்ஸ்’ டேபிளைத் திறந்து பாருங்கள். பக்க எண், வரி எண், தலைப்பு, கட்டளை, துணைச் சொல் என்று ஐந்தே பத்திகள். கட்டளை என்பது வெறும் எண்: 1 என்றால் வேறு பக்கம், 3 என்றால் ஃபார்மைத் திறந்து பார்க்க, 4 என்றால் ரிப்போர்ட், 8 என்றால் நிரல். துணைச் சொல்லில் ஃபார்மின் பெயர். எம்.என்.எக்ஸின் அறிவு மைக்ரோசாஃப்டுக்குப் போனதா என்று கேட்டேனே, போயிருக்கிறது. அழகில்லாத ஒரு ஃபார்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்த முகப்பைத் தூக்கி எறிந்துவிட்டு டேபிளை மட்டும் வைத்துக்கொண்டேன். தாய் வரியின் எண், வரிசை, மொழி என்று சில பத்திகள் சேர்ந்தன. வரிசை எண்ணைப் பத்துப் பத்தாகப் போட வேண்டும். நடுவில் ஒன்றைச் செருக இடம் இருக்கும்.

மொழிப் பத்தி சேர்ந்ததற்குக் காரணம் போடிநாயக்கனூர். ஏலக்காய் வியாபாரம் கொச்சிக்கும் போடிக்கும் மலைக்கு இரண்டு பக்கமும் நீள்கிறது. மட்டாஞ்சேரிக்காரர் ஒருவர் சொல்லி போடியில் ஒரு கடை வந்தது. அங்கே தமிழில் மெனு வேண்டும் என்றார்கள். மட்டாஞ்சேரியில் அதே நேரம் மலையாளத்தில் கேட்டார்கள். ஆக்சஸின் வி.பி.ஏ. எழுதும் ஜன்னலில் தமிழோ மலையாளமோ தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். அந்த ஜன்னல் பழைய கோட் பேஜ் முறையில் ஓடுகிறது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் விண்டோஸில் அப்படி ஒரு கோட் பேஜ் எப்போதுமே இருந்ததில்லை, யூனிகோட் மட்டுமே. ஆனால் ஆக்சஸ் 2000 முதல் டேபிள்களில் யூனிகோட் அப்படியே தங்கும். நிரலுக்குள் தலைப்பை எழுதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டேபிளில் வைத்திருந்தால், ஒரு பத்தியில் மலையாளம், பக்கத்தில் தமிழ், அவ்வளவுதான் வேலை.

போடியில் மெனுவை முதன்முதலாகத் திறந்து காட்டியபோது அங்கிருந்த கணக்குப்பிள்ளை, “தம்பி, பேரை எப்படி வேணா மாத்திக்கங்க. வரிசைய மட்டும் மாத்திராதீங்க. நான் பேரைப் பாக்கிறதே இல்ல” என்றார். “சரிண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மெனுவைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான விமர்சனம் அது.

2007-ல் மைக்ரோசாஃப்ட் மெனுவையே எடுத்துவிட்டு ரிப்பனைக் கொண்டுவந்தது. மவுஸால் வரைந்த பழைய மெனுக்கள் ‘ஆட்-இன்ஸ்’ என்ற தாவலுக்குள் ஒதுக்கப்பட்டன. ஊரெல்லாம் புலம்பல். டேபிளில் மெனு வைத்திருந்தவர்களுக்கு வேலை இருந்தது, புலம்பத் தேவை இருக்கவில்லை. ரிப்பன் என்பது எக்ஸ்.எம்.எல். எழுத்துக் கோவை, ஆக்சஸ் அதை எங்கிருந்து படிக்கிறது? ‘யு-சிஸ்-ரிப்பன்ஸ்’ என்ற ஒரு டேபிளிலிருந்து. மூன்றாம் முறையாகவும் டேபிள்! என் மெனு டேபிளை வரிவரியாகப் படித்து எக்ஸ்.எம்.எல். எழுதித் தரும் ஒரு ஃபங்ஷன் போதுமானதாக இருந்தது. அந்த எழுத்துக் கோவையை லோட் கஸ்டம் யுஐ என்ற கட்டளையால் நேராக ஏற்றவும் முடியும். பொத்தானுக்கு டேக் என்ற பண்பு இருக்கிறது. குறிச்சொல் அங்கே போய் உட்கார்ந்தது.

எக்ஸ்.எம்.எல். சற்று ஆசாரம் பிடித்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அடையாளப் பெயர் வேண்டும். அது எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவில் இடைவெளி கூடாது. அதனால் மெனு எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்தை ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். தலைப்பில் ‘அண்ட்’ குறி வந்தால் அதை உரிய முறையில் மாற்றி எழுத வேண்டும். இல்லையென்றால் ரிப்பன் வரவே வராது, ஏன் வரவில்லை என்றும் சொல்லாது. செட்டிங்ஸில் ‘ஆட்-இன் யூசர் இன்டர்ஃபேஸ் எரர்ஸைக் காட்டு’ என்ற கட்டத்தை டிக் செய்து வைத்தால்தான் வாய் திறக்கும். ரிப்பனைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை முதல் வரியில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கடைசியில் சொல்கிறார்கள்.

இன்னொரு தொந்தரவு, வரிகளை மங்கலாக்குவது. ரிப்பன் ஏறும்போது கிடைக்கும் பொருளை ஒரு குளோபல் மாறியில் பிடித்து வைத்துக்கொண்டால்தான் பிறகு ‘இதைப் புதுப்பி’ என்று சொல்ல முடியும். எங்காவது கவனிக்காத ஒரு பிழை வெடித்தால் குளோபல் மாறிகள் எல்லாம் வெறுமையாகிவிடும். அதோடு ரிப்பனின் பிடியும் போய்விடும். நிரலைப் பூட்டி ஏ.சி.சி.டி.இ. ஆக்கிக் கொடுத்த ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை. கடைகளுக்கு நான் வேறு வடிவில் கொடுப்பதே இல்லை.

வலது கிளிக் மெனுவை மட்டும் ரிப்பன் தொடவில்லை. அதை வரையும் பெட்டியை எடுத்துவிட்டார்கள். பழைய கமாண்ட்பார்ஸ் நிரல் இன்னும் வேலை செய்கிறது. அதே டேபிளிலிருந்து அதையும் கட்டலாம். கட்டும்போது ‘தற்காலிகம்’ என்ற இடத்தில் ஆமாம் போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கையில் அதே பெயரில் மோதும்.

டேபிளில் கடைசியாகச் சேர்ந்தவை இரண்டு தேதிப் பத்திகள். 2017 ஜூன் நடுவில் இடப்பள்ளி வழியாக மெட்ரோ ஓட ஆரம்பித்தது. ஊரெல்லாம் அதைப் பார்க்கப் போயிருந்தபோது நாங்கள் ஜூலை 1-ல் வரும் ஜி.எஸ்.டி.க்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். அதற்கு முன் 2005 ஏப்ரலிலிருந்து வாட் இருந்தது; வரி மெனுவில் படிவம் 8, படிவம் 8பி, வெளிமாநில விற்பனைக்கு சி ஃபார்ம், ஏற்றுமதியாளருக்கு விற்றால் ஹெச் ஃபார்ம். மட்டாஞ்சேரியில் ஹெச் ஃபார்ம் இல்லாத மிளகுக் கடை அபூர்வம். ஜி.எஸ்.டி. வந்ததும் இதையெல்லாம் நீக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நீக்க முடியாது. பழைய வருஷங்களின் வரிக் கணக்கு விசாரணை பின்னால் வரும். அன்றைக்கு 2015-ன் ஹெச் ஃபார்ம் பட்டியலை எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு மெனு வரிக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி. எந்த நிதியாண்டைத் திறக்கிறோமோ அந்த ஆண்டுக்குரிய வரி மெனு வரும்.

இந்தப் பத்திகளின் அருமை 2019-ல் தெரிந்தது. கேரள வெள்ள செஸ் ஆகஸ்ட் 1-ல் வந்தது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்கு விற்கும் சரக்குக்குத்தான். 5 சதவீத வரிப் பொருளுக்கு இல்லை. எனவே மிளகுக் கடைகளுக்கு இதற்கான மெனு வரி தேவைப்படவில்லை. வாசனைத் தைலம் சில்லறைக்கு விற்கும் கடைகளுக்கு வேண்டும். அவர்கள் டேபிளில் ஒரு ரெக்கார்ட் சேர்த்தேன். 2021 ஜூலை 31-ல் செஸ் முடிந்தது. முடிவுத் தேதியை எழுதினேன். புது நிரல் ஒரு வரிகூட மெனுவுக்காக எழுதவில்லை.

மெனுவோடு கொண்டுபோகக் கூடாதது ஒன்று உண்டு: யாருக்கு எந்த வரி தெரியலாம் என்ற உரிமைப் பட்டியல். அது கடையின் சொத்து. மெனு டேபிளை நான் முன்பக்க ஃபைலில் வைக்கிறேன், உரிமைகளைத் தரவு இருக்கும் பின்பக்க ஃபைலில். முன்பக்கத்தை மாற்றிப் புதுப் பதிப்புக் கொடுத்தாலும் முதலாளி போட்ட பூட்டு அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே டேபிளில் வைத்தால், ஒரு கடையின் பில் அழிக்கும் உரிமை இன்னொரு கடையின் பையன் கையில் போய்ச் சேரும்.

பிறகு எழுத்து. போடிக் கணக்குப்பிள்ளை போலவே மட்டாஞ்சேரியிலும் பழைய ஆட்கள் மவுஸைத் தொடுவதில்லை. ஆல்ட் அழுத்தி இரண்டு எழுத்துத் தட்டுவார்கள். பழைய மெனுவில் தலைப்பிலேயே ஓர் ஆங்கில எழுத்துக்கு அடிக்கோடு வரும். தலைப்பு தமிழானால் அந்த எழுத்தை எங்கே வைப்பது? ஜப்பானிய விண்டோஸில் தலைப்பின் கடைசியில் அடைப்புக்குள் ஆங்கில எழுத்தைக் கொடுத்திருப்பார்கள். அதையே நானும் செய்தேன். ரிப்பனில் கீடிப் என்று தனிப் பண்பே உண்டு, மூன்று எழுத்து வரை கொடுக்கலாம். எனவே டேபிளில் அதற்கும் ஒரு பத்தி. ஒரு கடைக்கு ஒரு தடவை கொடுத்த எழுத்தை மாற்றுவதில்லை. முடிவுத் தேதி போட்ட வரியின் எழுத்தையும் வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை, பழைய ஆண்டைத் திறந்தால் அது எழுந்து வருமே. புதிதாக வருகிற வேலைக்கு மிச்சமிருக்கும் எழுத்துதான். வாட், சி.எஸ்.டி., ஜி.எஸ்.டி., செஸ், ஈ-வே பில் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, வரி மெனுவில் ஒற்றை எழுத்தாக இப்போது மிஞ்சியிருப்பவை கியூவும் எக்ஸும் இசட்டும்.