செஞ்சியில் எந்த மலை?

பெயரைக் கேட்டு ஜாதியைக் கண்டுபிடிப்பது தமிழ்நாட்டில் ரொம்பக் கஷ்டமான வேலை. வடக்கே இந்தச் சிரமம் கிடையாது. பெயரின் வாலிலேயே எல்லாம் தொங்கும். இங்கே 1929-ல் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாட்டைக் கூட்டி, ஜாதிப் பட்டங்களைக் கழற்றச் சொல்லித் தீர்மானம் போட்டுவிட்டார்கள். மிச்சம் ஓர் இனிஷியல். அதை வைத்து என்ன செய்வது?

விட்டுவிடுவோமா! "சாருக்கு ஊரு எது?" என்று ஆரம்பிப்போம். "ஊர்ல எந்தப் பக்கம்?", "அங்கே ரைஸ் மில் வெச்சிருக்காரே, அவர் உங்களுக்குச் சொந்தமா?", "குலசாமி எது?", "வீட்ல கவிச்சி உண்டா?"... டீ ஆறுவதற்குள் விசாரணை முடிந்து, கேட்டவர் திருப்தியாகத் தலையை ஆட்டுவார். சி.பி.ஐ.க்கு ஆள் வேண்டுமென்றால் நம் ஆபீஸ் கேன்டீன்களில் வந்து எடுக்கலாம்.

எனக்கு ஊர் செஞ்சி. 1991-ல் காலேஜ் ஹாஸ்டலில் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்த அன்றைக்கே ஒரு சீனியர் பிடித்துக்கொண்டார்.

"எந்த ஊர்டா?"

"செஞ்சி சார்."

"அடடே, தேசிங்கு ராஜா!"

ரூமே கை தட்டியது. செஞ்சி என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி உயிரை விட்ட அந்த இளைஞனும் அவன் குதிரையும்தான். ஆக, சுமார் ஐந்து நிமிஷம் நான் ராஜாவாக இருந்தேன். ஒருவர் பீடிகூடக் கொடுத்தார். (வாங்கவில்லை, அம்மாமேல் சத்தியம்.)

பிறகு அடுத்த கேள்வி வந்தது. "செஞ்சியில நீ எந்த மலைடா? ராஜகிரியா, கிருஷ்ணகிரியா... இல்ல, மூணாவதா?"

கோட்டையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மூன்று மலைகளை வளைத்து மதில் கட்டியதுதான் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி எண்ணூறு அடி உயரம். ஏறினால் இரண்டு நாள் முழங்கால் பேசும். கிருஷ்ணகிரிக்கு ராணிக்கோட்டை என்று செல்லப் பெயர். மூன்றாவது மலைக்குப் புத்தகங்களில் சந்திராயன் துர்க்கம் என்று ஒரு பெயர், சக்கிலி துர்க்கம் என்று இன்னொரு பெயர். ராஜாவுக்கு ஒரு மலை, ராணிக்கு ஒரு மலை, மூன்றாவதற்கு ஒரு ஜாதியின் பெயர்! டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் முதல் இரண்டோடு திரும்பிவிடுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம் பிடித்த ஒரே கோட்டை எங்களுடையது. மூன்று மலையும் சேர்த்துத்தான்.

அந்த சீனியருக்கு சரித்திரப் பேப்பரில் அரியர்ஸ். இந்தக் கேள்வியில் மட்டும் சென்டம் வாங்கியிருந்தார்.

"கோட்டைக்கு வெளியே சார். பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இது ராகிங்கா? 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தனிச் சட்டமே வந்தது. சட்டையைக் கழற்று, முட்டி போடு என்றால் கேஸ் போடலாம். சிரித்துக்கொண்டே "எந்த மலை?" என்றால் எந்தப் பிரிவில் போடுவது?

ஹாஸ்டலிலாவது பஸ் ஸ்டாண்டைக் காட்டித் தப்பித்தேன். கிளாஸில் அதுவும் முடியவில்லை.

பிசிக்ஸ் பீரியடில் ஆபீஸ் கிளார்க் ஒரு பேப்பரோடு வந்தார். "ஸ்காலர்ஷிப்... எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க!" அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சாப்பாட்டு மணிக்குள் லிஸ்டை முடிக்க வேண்டும், அவர் கவலை அவருக்கு. எழுபது பேர் கிளாஸ். ஒன்பது பேர் எழுந்தோம். அறுபது தலைகள் திரும்பின.

கணக்கில் ஒன்று உதைக்கிறதல்லவா? அது என் பெஞ்ச்மேட். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா கல் உடைக்கிறவர். அவன் எழவும் இல்லை, திரும்பவும் இல்லை. யாரோ பழைய காதலன் பிளேடால் பெஞ்சில் செதுக்கிவிட்டுப் போன இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா நிக்கல?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"எங்கப்பா அனுப்புவாருடா" என்றான்.

அப்பாவால் அனுப்ப முடிந்தது இரண்டு மாசத்துக்கு. அதன் பிறகு மெஸ் வாசலில் பாக்கிக்காரர்கள் லிஸ்ட் ஒட்டினார்கள். அதில் அவன் பெயர் மேலே ஏறிக்கொண்டே வந்தது. பொங்கல் லீவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போனோம். திரும்பும்போது நான் மட்டும். எழுந்து நிற்பது அரை நிமிஷ வேலை. அது முடியாமல் ஒரு பி.எஸ்ஸி. போயிற்று.

பல வருஷம் கழித்து 2012-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த சமத்துவ விதிகளைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. வகுப்பில் மாணவனின் ஜாதியை அறிவிக்கக் கூடாது, ரிசர்வேஷனில் வந்தவன் என்று முத்திரை குத்தக் கூடாது, ஹாஸ்டலிலும் மெஸ்ஸிலும் பிரித்து வைக்கக் கூடாது... எழுதினவர் எங்கள் கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரோ என்று சந்தேகமாகிவிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க ஒரு மூத்த பேராசிரியர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த விதி ஒழுங்காக நடக்கவில்லை என்று ரோஹித் வெமுலா, பாயல் தட்வி இருவரின் தாயார்களும் 2019-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது! 2026 ஜனவரியில் யு.ஜி.சி. புது விதிகளை அறிவித்தது. அந்த மாதக் கடைசியிலேயே கோர்ட் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது.

நம் பக்கத்தில், 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, வருகைப் பதிவேட்டில் ஜாதிக் குறிப்பே கூடாது, ஸ்காலர்ஷிப் விஷயத்தை மாணவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிளார்க்கிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நல்ல மனுஷர்தான்.

பெஞ்ச்மேட்டுக்கு இப்போது செஞ்சியில் டூ வீலர் மெக்கானிக் ஷாப். 2025-ல் அவன் மகளுக்குக் காலேஜில் சீட் கிடைத்தது. "நீ ஆபீஸ் ஆளு, கூட வாடா" என்றான். போனேன்.

வாட்ச்மேனிடம் "சம வாய்ப்பு மையம் எங்கே?" என்று கேட்டேன். "லோன் மேளாவா சார்? அது போன வாரமே முடிஞ்சிருச்சே" என்றார். மாடியில் ஒரு பீரோவுக்குப் பின்னால் போர்டு பாதி தெரிந்தது. பொறுப்பாளர் ஒரு மேடம். தேர்வுக் கமிட்டி, நூலகக் கமிட்டி, கேன்டீன் கமிட்டி என்று இன்னும் ஆறு கமிட்டிகளில் அவர்தான் மெம்பர்.

"இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட்கூட வந்ததில்லை சார்" என்றார்.

பிரயாணியே ஏறவில்லை என்றால் பஸ் ஓடவில்லை என்றுதானே அர்த்தம் என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, அவரே தொடர்ந்தார். "போர்டை எங்கே மாட்டியிருக்காங்க பாருங்க, யாருக்குத் தெரியும்? அதான் நானே போய் ஹாஸ்டல் ரூமை ரோல் நம்பர்படி போடச் சொன்னேன். முதல்ல ஊர்க்காரன், தெரிஞ்சவன்னு கூட்டம் கூட்டமா இருந்தாங்க. நம்பர்படின்னதும் நாலு நாள் சண்டை. அப்புறம் சோப்பு தீர்ந்தா பக்கத்துக் கட்டில்லதானே கேக்கணும்?"

அந்த ஒரு வேலைக்கே அவரை மற்ற ஆறு கமிட்டிகளிலிருந்தும் விடுவிக்கலாம் என்பது என் கட்சி.

பெஞ்ச்மேட் அதுவரை வாயைத் திறக்கவில்லை. கிரீஸ் போகாத விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், மெதுவாகக் கேட்டான்:

"மேடம், ஸ்காலர்ஷிப்புக்கு... கிளாஸ்ல எழுந்து நிக்கச் சொல்வீங்களா?"

மேடம் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "இல்லைங்க. ஆன்லைன்ல போட்டுடணும். பணம் பாப்பா அக்கவுன்ட்டுக்கே வரும். ஏதாவது விட்டுப்போனா என் ரூமுக்குக் கூப்பிட்டுத் தனியா சொல்லுவேன்."

"சரிங்க" என்றான்.

கீழே கவுன்ட்டரில் மெஸ் அட்வான்ஸ் கட்டினான். நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தான். ரசீதை வாங்கி மகளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினான்.

"பாக்கி எதுவும் போட்டிருக்கா, பாருடா."