கார்ல் ஸ்டெர்ன் நினைவில்

ஞாயிறு பூசை முடிந்து, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் புனித லூட்விக் ஆலய வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். இதே ஊரில்தான் 1994-இல் 110-ஆவது தனிமத்தை உருவாக்கினார்கள். பின்னர் ஊரின் பெயராலேயே அதை டார்ம்ஸ்டாட்டியம் என்று அழைத்தார்கள். ஜெபமும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து வாழும் இந்த ஊரில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் மனநல மருத்துவர் கார்ல் ஸ்டெர்ன்.

1906-இல் பவேரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே பக்கத்திலுள்ள ஃபிராங்பர்ட்டிலும் மருத்துவம் படித்தார். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன், பிறகு மான்ட்ரியல். 1943-இல் கத்தோலிக்கரானார். உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டின் நாத்திகத்தை அவர் ஏற்கவில்லை. அதற்காக உளப்பகுப்பாய்வைத் தூக்கியெறியவும் இல்லை.

என்னை அதிகம் தொட்டது ஒன்று உண்டு. செய்த தவறுக்கான குற்ற உணர்வு வேறு, நோய் தரும் குற்ற உணர்வு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். முன்னதற்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. பின்னது எத்தனை முறை மண்டியிட்டாலும் தீராது; மருத்துவம் வேண்டும்.

நம் வீடுகளில் இரண்டையும் குழப்பிக்கொண்டு, மனச்சோர்வில் கிடக்கும் பிள்ளையிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்கிறோம். அது கொடுமை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், அதே வாரம் மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள்.