பழி ஓரிடம்

வீட்டில் ஒரு பொருள் பழுதுற்றால் அதனைத் திருத்தும் வழியை நாடுவதற்கு முன்னர்க் குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. குற்றவாளி கிடைத்துவிட்டால் மனம் அமைதியடைகின்றது. பொருள் மட்டும் திருந்துவதில்லை. இவ்வுண்மையை எமக்குக் கற்பித்தது எமது வீட்டு மேசைக் கணினியாகும்.

2016ஆம் ஆண்டில் வாங்கிய அக்கணினி சென்ற ஆண்டில் ஒரு விபரீதப் பழக்கத்துக்கு ஆளாயிற்று. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே எவ்வித எச்சரிக்கையுமின்றித் திரை இருண்டுவிடும். சில விநாடிகளில் தானே மீளத் தொடங்கும். முதலில் வாரத்துக்கு ஒருமுறை நேர்ந்தது, பின்னர் நாள்தோறும் நேரலாயிற்று. உயர்தர வகுப்பிற் பயிலும் எமது மகன் அதில் விளையாடும் வேளைகளிலேயே பெரும்பாலும் இவ்வாறு நிகழ்ந்தமையால், தீர்ப்புக் கூற எமக்கு நெடுநேரம் வேண்டியிருக்கவில்லை. "உன் விளையாட்டுத்தான் இதைக் கெடுத்தது" என்று கடிந்து, விசைப்பலகையை அலுமாரியுள் வைத்துப் பூட்டினோம். அவன் மறுமொழி கூறவில்லை. அதன் பின்னர் எம்முடன் பேசுவதையும் குறைத்துக்கொண்டான்.

கடைவீதியிலுள்ள ஒரு திருத்துநரிடம் கணினியைக் கொண்டு சென்றோம். அவர் விண்டோசை அழித்துப் புதிதாகப் பதித்துக் கூலியும் பெற்றுக்கொண்டார். நோய் நீங்கவில்லை.

எமது தாயாரின் எண்பதாவது பிறந்தநாளுக்காக, அவரது பழைய புகைப்படங்களைக் கோத்து ஒரு நிகழ்படம் ஆக்கிக்கொண்டிருந்தோம். வேலை முக்காற்பங்கு முடிந்த வேளையில் திரை இருண்டது. மகன் வாசலில் நின்றான். "நான் கிட்டவும் வரேல்லை, அப்பா" என்றான். அச்சொல்லிற் கோபம் இருக்கவில்லை. அதனாலேயே அது எம்மைச் சுட்டது.

அன்றிரவு தந்தையும் மகனுமாக ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதையும் அதன் விளைவையும் எழுதிவைப்பது என்பதே மகன் வகுத்த விதி. ஆய்வுகூடத்தில் அவன் கற்ற பாடம் அது. கோப்புகள் யாவற்றையும் வேறொரு வன்றட்டிற் பிரதிசெய்த பின்னரே வேலையைத் தொடங்கினோம்.

பிழை நேர்ந்ததும் கணினியைத் தானாக மீளத் தொடக்கும் ஏற்பாடு ஒன்று விண்டோசில் உண்டு. முதலில் அதனை நிறுத்தினோம். மென்பொருட் பிழையாயின் இனி நீலத்திரை கண்முன்னே நிலைத்து நின்று குறிப்பைக் காட்டும். ஆனால், அடுத்த முறையும் நீலத்திரை தோன்றவில்லை. முன்போலவே இருண்டு மீண்டது. நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்னும் எண் மாத்திரம் இருந்தது. கணினி முறைப்படி நிறுத்தப்படவில்லை என்பதையே அவ்வெண் கூறும். ஏன் என்று கூறாது. நோயின் அடையாளத்தை நோயின் காரணமென மயங்கலாகாது என்பதை அப்போது உணர்ந்தோம். குறிப்பெழுதவும் அவகாசமின்றி மின்வலு அறுபடுகின்றது போலும் என ஊகித்தோம்.

நினைவகத்தை ஓரிரவு முழுவதும் சோதித்தோம், பிழை இல்லை. இணைப்புப் பலகையை அகற்றி, நேரே சுவரிலுள்ள மின்செருகியிற் பொருத்தினோம்; மாற்றமில்லை. மின்னிணைப்பைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தபோது, விசிறியின் அடியிற் பஞ்சுபோலத் தூசு படிந்திருந்தது. அதனைத் தூரிகையால் நீக்கியபின் வெப்பநிலை நன்கு தணிந்தது. எனினும் கணினி மீளத் தொடங்குவது ஓயவில்லை.

முடிவில் எமக்கு வழிகாட்டியது கொப்பியே. எழுத்து வேலை செய்கையில் ஒருமுறையேனும் கணினி நின்றதில்லை. விளையாட்டின்போதும் நிகழ்படம் ஆக்கும்போதும் மட்டுமே நின்றது. இவ்விரண்டும் கணினியிடம் மிகுந்த மின்வலுவைக் கேட்கும் வேலைகள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மின்னை 12, 5, 3.3 வோல்ற்றுகளாக மாற்றித் தருவது பெட்டியினுள் இருக்கும் மின்வழங்கி. அதனுள்ளே உள்ள கொள்ளளவிகள் ஆண்டுகளாலும் வெப்பத்தாலும் நலிவடையும். பாரம் ஏறும்போது வோல்ற்றளவு தளரும். உடனே தாய்ப்பலகை தன்னைக் காத்துக்கொள்ளுமாறு யாவற்றையும் நிறுத்தி மீளத் தொடக்கும்.

உறவினர் வீட்டிலிருந்து அதே வலுவுள்ள மின்வழங்கியை இரவல் வாங்கிப் பொருத்தினோம். எமது கட்டளையின்பேரில் மகன் இரண்டு நாட்கள் விளையாடினான்! கணினி ஒருமுறையும் நிற்கவில்லை. பழையதை மீண்டும் பொருத்தினோம். அன்று மாலையே நின்றது. ஐயம் தீர்ந்தது, புதிய மின்வழங்கி வாங்கினோம். மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை: மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் ஆபத்தான ஏற்றம் தங்கியிருக்கும்.

விளையாட்டின்போது கணினி நின்றது உண்மையே. நாம் கண்டதிற் பிழையில்லை. கண்டதற்குக் கூறிய பொருளிலேதான் பிழை. விளையாட்டு நோயன்று, மறைந்திருந்த நோயை வெளிப்படுத்திய சோதனை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்னும் பழமொழி எமது வீட்டிலேயே மெய்யாயிற்று.

அம்மாவின் நிகழ்படத்தை மகனே முடித்துக் கொடுத்தான். பிறந்தநாளன்று அதனைக் கண்டு மகிழ்ந்த அம்மா, "ஆர் செய்தது?" என்று கேட்டார். "உங்கள் பேரன்" என்றோம். அன்றிரவே அலுமாரித் திறப்பை அவன் கையிற் கொடுத்து, "பிழை எங்களுடையதடா, தம்பி" என்றோம். கணினி திருந்தியது சிறிது. நாம் திருந்தியதே பெரிது.